பின்னால் நீட்டிய கை

என் நாடாவை எடுத்து என் சுவரையே அளக்கிறாரே. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளந்தால் என்ன குறைந்துவிடும்?

மீனம்மா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதில் ஓடுவதை உடனே வெளியில் விடும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே இருந்ததில்லை. முக்காலியின் மேல் ஏறி நின்ற கனகாம்பிகை டீச்சர் விழுந்துவிடாமல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தையல் கடையின் பெயர்ப்பலகைக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்த தன் அளவு நாடாவை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆடுது, பிள்ளை. வடிவாப் பிடியுங்கோ."

"புடிச்சிருக்கேன் டீச்சர். நீங்க பாத்து எறங்குங்க. கீழ விழுந்தா அப்பறம் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கிட்டுப் போகணும்."

டீச்சர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் பள்ளிக்கூட அதிபராக இருந்தபோது கட்டிய அதே கஞ்சி போட்ட பருத்திச் சேலைதான். நோர்வூட் கடைத்தெருவில் மீனம்மாவின் கடைக்கு நேர் எதிரே ஒரு சந்து. அந்தச் சந்தின் கோடியில்தான் மதுக்கடை. முன்வாசல் பெரிய ரோட்டைப் பார்த்து இருந்தாலும், அந்த வழியாகப் போகிறவர்கள் வெளியூர்க்காரர்களும் லொறிக்காரர்களும்தான். உள்ளூர் ஆட்களுக்குச் சந்துவழி. அந்தச் சந்தை முழுதாகப் பார்க்கக்கூடிய சுவர் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மீனம்மாவுடைய கடைச் சுவர்.

"இதில கமராவைப் பூட்டினா உள்ள போறவன்ர முகமும் விழும், வெளியில வாறவன்ர முகமும் விழும்" என்றார் டீச்சர். "நான் ஒருக்கா அங்கால போய் நிண்டு பாத்திட்டு வாறன். நாளைக்குக் காலமை ஆள் வந்து பூட்டுவான்."

அவர் ரோட்டைக் கடந்து போனார். கடைக்குள் வாங்குப் பலகையில், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நிஷாந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில், பிள்ளையை வைத்திருப்பதுபோல, கமரா வைத்த அட்டைப்பெட்டி. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். விரல் இடுக்கெல்லாம் இன்னும் கறுப்பாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில்தான் இந்தக் கமராப் பேச்சு எழுந்தது. மதுக்கடையின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுக் கொடுக்கத்தான் ஆட்களைக் கூட்டினார்கள். கோயிலுக்கு இவ்வளவு கிட்ட எப்படி விட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழியில் எப்படி விட்டார்கள் என்றெல்லாம் பேச்சு நன்றாகத்தான் போனது. மனு போய்ப் பதில் வரும்வரைக்கும் என்ன செய்வது என்று யாரோ கேட்டபோதுதான் டீச்சர் எழுந்தார். போகிறவன் வருகிறவனைப் படம் பிடித்து, தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கும் மாதர் சங்க வட்ஸ்அப்பில் போடுவோம் என்றார். பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஆட்டோ ஓட்டும் அழகுமுத்து மட்டும் எழுந்தான்.

"டீச்சர், ஒரு சந்தேகங்க. போத்தல்ல ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறது யாரு? அரசாங்கம். வரிய வாங்கிக்கிறது யாரு? அரசாங்கம். போயா பௌர்ணமிக்குக் கடையப் பூட்டுனா சும்மா இருக்கோம், மறுநா தெறந்தா போறோம். எல்லாத்தயும் சட்டப்படி செஞ்சுட்டுப் படத்துல மட்டும் நாங்க திருடனா?"

"உமக்கு வெக்கமா இருந்தா போகாதையும்."

"வெக்கமா இருக்கிறதுனாலதாங்க சந்துல போறோம்!"

மண்டபமே சிரித்தது. டீச்சர்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். பின்வரிசையில் இருந்து ஒருத்தி, "அந்த வெக்கத்த வீட்டு வாசல்ல விட்டுட்டுல்ல வர்றீங்க" என்று கத்தினாள்.  அழகுமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மீனம்மா அன்று எந்தப் பக்கமும் கை தட்டவில்லை. அவள் நினைத்துக்கொண்டிருந்தது பட்டனைப் பற்றி. இந்த ஊர் ஆண்களுக்கு ஏன் இத்தனை பட்டன் அறுந்து விழுகிறது என்று கடை போட்ட புதிதில் அவளுக்கு விளங்கவில்லை. பின்னேரமானால் ஒவ்வொருத்தராக வந்து, "வெள்ளப் பட்டன் ஒன்னு இருக்காங்க?" என்பார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டை இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். தெரிந்த முகம் யாரும் இல்லையென்றால் சட்டென்று சந்துக்குள் நுழைந்துவிடுவார்கள். யாராவது பார்த்துவிட்டால் டெய்லர் கடைக்கு வந்ததாகச் சொல்லக் கையில் ஒரு பட்டன் வேண்டும். ஒருநாள் ஒருத்தர் பனியனோடு வந்து சட்டைப் பட்டன் கேட்டார். மீனம்மா முகத்தைத் திருப்பாமல் எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்த்தான் சிரித்தாள்.

சிரித்து முடித்தபோது அப்பா நினைவு வந்தது. இப்போதெல்லாம் எந்தச் சிரிப்பின் கடைசியிலும் அவர்தான் வந்து நிற்கிறார்.

அவள் அப்பா மூக்கன் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் தலையைச் சீவித் தள்ளுகிற அந்த வேலையில் அவரை மிஞ்சத் தோட்டத்தின் மேல்பிரிவில் ஆள் இல்லை. மற்ற நாட்களில் வீட்டில் அவர் குரல் கேட்காது. வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவின் ஒரு மூலையில் உட்கார்ந்து, வைத்ததைத் தின்று, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். சம்பள நாளில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அந்தக் காலத்தில் இதே சந்தின் கோடியில், தகரக் கூரை போட்ட சாராயத் தவறணை இருந்தது. ஆண்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நேரே அங்கேதான் போவார்கள். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் நடந்து வந்து சந்தின் வாயில் நிற்பார்கள். தலையில் கம்பளி, கையில் அரிசிக்குப் பை, இடுப்பில் பிள்ளை.

நிற்பார்கள் என்றால், சந்தைப் பார்த்து நிற்கமாட்டார்கள். எல்லோரும் ரோட்டைப் பார்த்து, தவறணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். யார் வெளியே வருகிறான், எப்படி வருகிறான், சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறானா, பிடிக்காமல் வருகிறானா, எவளும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது யாரும் போட்ட சட்டமில்லை. வருகிற ஆண் தன் பெண்சாதியின் கம்பளியைப் பின்னாலிருந்து தொட வேண்டும். தொட்டதும் அவள் நடக்க ஆரம்பிப்பாள். அவ்வளவுதான்.

"ஏம்மா திரும்பக் கூடாது?" என்று மீனம்மா ஒருதரம் கேட்டாள்.

"பாத்துட்டா, அந்தப் பார்வை வீட்டுக்கும் கூடவே வரும்டி" என்றாள் அம்மா. "நாளைக்கிக் காலையில அந்த மனுசன் இந்த மூஞ்சியில முழிக்கணும்ல."

அம்மா பாவம் பார்க்கிறவள் இல்லை. அரிசிக்கு வைத்திருந்த காசு தவறணையில் கரைந்த இரவுகளில் அவள் பேசிய பேச்சு நாலு காம்பராவுக்குக் கேட்கும். அப்பா ஒருமுறை உலைப்பானையை உதைத்து உடைத்திருக்கிறார். அம்மா அந்த உடைந்த துண்டையே எடுத்து அவர் மேல் வீசியிருக்கிறாள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் சந்தின் வாயில் நிற்கும்போது அம்மாவும் மற்றவர்களைப்போல முதுகைத்தான் காட்டினாள்.

தம்பி பிறந்த பிறகு அந்த வேலை மீனம்மாவுக்கு வந்தது. பெண்களோடு போய் நின்று, வலது கையைப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பாள். அப்பா வந்து பிடித்துக்கொள்வார். கவ்வாத்துக் கத்தி காய்த்துப்போட்ட அந்த உள்ளங்கை பட்டதும் நடப்பாள். பாலம் தாண்டியதும் அப்பாவுக்கு வாய் திறக்கும். அவர் சிறுபிள்ளையாய் இருந்தபோது மலையில் பார்த்த சிறுத்தை, அவருடைய அம்மா சுட்ட ரொட்டி, தன் மகளின் கண்ணைப்போல இந்தத் தோட்டத்திலேயே ஒரு கண் கிடையாது என்பதெல்லாம் அந்த ஏற்றத்தில்தான் அவள் கேட்டாள். அவளுக்கென்று வாங்கி மடியில் கட்டிய பணிஸ் பன் நசுங்கி, சாராய வாடையோடு அவள் கைக்கு வரும்.

நாற்பத்தேழு வயதில் மீனம்மா தன்னையே கேட்டுக்கொள்வாள்: நான் ஏங்குவது அப்பாவுக்கா, குடித்திருந்த அப்பாவுக்கா? குடிக்காத மூக்கனை அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விடவில்லை. குடியைத் திட்டினால் அந்த ஏற்றப்பாதையைத் திட்டியதாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். திட்டாவிட்டால் அம்மாவுக்குத் துரோகம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் இத்தனை காலம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

"மீனாக்கா, நீங்க ஒன்னுமே பேச மாட்டேங்கிறீங்க" என்றாள் நிஷாந்தி.

"என்னத்தப் பேச?"

"சரின்னு சொல்லுங்க." அவள் பெட்டியை மடியில் திருப்பி வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு படம் ஒருநா குருப்புல வரட்டும்க்கா. அவுங்க அம்மா பாக்கட்டும், அக்கா தங்கச்சி பாக்கட்டும். எம் மகன் அப்பிடிப்பட்டவன் இல்லன்னு எங்கிட்ட சொல்றாங்கல்ல, அவுங்க பாக்கட்டும். நான் சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க."

"கை நீட்டுறாரா?"

நிஷாந்தி கழுத்துப் பக்கம் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மீனம்மா கத்தரித்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் நிறுத்தினாள். இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது? கமரா வேண்டாம் என்றால், உன் கழுத்து எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று சொன்ன மாதிரி இருக்காதா?

"வெக்கம் வந்தா நிப்பாட்டுவாருக்கா" என்றாள் நிஷாந்தி.

"நிப்பாட்ட மாட்டாங்கடி."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

மீனம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "எங்க அப்பாவ வெக்கப்படுத்தினாங்க. நான் பாத்தேன்."

காலையில் வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக்களம். வேலையை மேற்பார்க்கப் புதிதாக வந்த கண்டாக்கையா ஒருநாள் மூக்கனிடம் வாடை அடிப்பதைக் கண்டுபிடித்து, எங்கிருந்தோ ஒரு வெறும் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார். எல்லோரையும் பேர் கூப்பிட்டு முடியும்வரை படிக்கட்டில் நிற்க வைத்தார். ஆட்கள் முதலில் சிரிக்கவில்லை. கண்டாக்கையா சிரித்த பிறகு சிரித்தார்கள். வரிசையில் நின்ற அம்மா கூடையின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனுக்கு முதுகைக் காட்டி நிற்க அன்றைக்கு அவளுக்கு இடமில்லை.

"அதுக்கப்பறம் நோர்வூட் பக்கமே வரல. எல்லாரும் கண்ணால பாத்துட்டாங்கல்ல? ஆத்துப்பக்கம் கசிப்பு, கள்ளச்சாராயம் காய்ச்சுற எடத்துக்குப் போக ஆரம்பிச்சாரு. அங்க பாக்க யாரும் இல்ல, அளவும் இல்ல. கூட்டிக்கிட்டு வரப் பின்னால கைய நீட்ட நானும் இல்ல. கண்ணு மஞ்சளாகி, டிக்கோயா ஆஸ்பத்திரியில வச்சுத்தான் போனாரு." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "வெக்கம் அவர நிப்பாட்டலடி. எடத்தத்தான் மாத்துச்சு."

நிஷாந்தி பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கமராப் படத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அப்ப நான் என்னக்கா செய்றது?"

"நாளைக்கி நீ சொல்லு, நான் கூட வாறேன். பொலிசுக்குன்னாலும் சரி, ஒன் மாமியார் வீட்டுக்குன்னாலும் சரி. ஒன் கழுத்த நானே காட்டுறேன். அதுக்கு ஊருல உள்ள எல்லா ஆம்பள மூஞ்சியும் எதுக்கு?"

 அந்த நேரம் டீச்சர் ரோட்டைக் கடந்து திரும்பி வந்தார். நெற்றியில் வியர்வை. கையில் இன்னும் அந்த நாடா.

"அருமையாத் தெரியுது. சந்தின்ர கடைசிவரைக்கும் தெரியுது." கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். "என்ர அப்பா இருந்திருந்தா இண்டைக்குச் சந்தோஷப்பட்டிருப்பார். நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தில இருக்க, தனி மனுசனா உங்கட தோட்டப் பள்ளிக்கூடத்தில எத்தினை வருசம் படிப்பிச்சவர். ஒரு சொட்டுத் தொடேல்லை. இந்தக் குடியால உங்கட சனம் படுற பாட்டைக் கடைசிவரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதவர். அவற்ர பேரிலதான் இந்தக் கமராவையே வாங்கிக் குடுத்தனான்."

மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சரின் அப்பா தம்பிராசா மாஸ்டர். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பிரம்பு.

அவள் சிறுமியாய் இருந்தபோது, ஒரு மழைக்காலத்துச் சம்பள நாள். பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். மீனம்மா பெண்களோடு நின்று கையைப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை வந்து பட்டது. பற்றிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாதே, பார்க்கவில்லை. அப்பா இன்றைக்குப் பேசவில்லையே என்று அவளே பேசினாள். பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கும்வரை பேசிக்கொண்டே போனாள்.

"அப்பா, இன்னைக்கி எங்க மாஸ்டர் என்ன அடிச்சிட்டாருப்பா. கணக்கு சரியாத்தான் போட்டேன், எழுத்து கோணலாம். அந்தாளு ஒரு மொரடுப்பா."

பிடித்திருந்த கை இறுகியது. அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. இந்த உள்ளங்கையில் காய்ப்பில்லை. விரல் நுனியில் மட்டும் பள்ளிக்கூடச் சோக்குத் தூளின் சொரசொரப்பு.

பின்னாலிருந்து, சாராய வாடையோடு, மாஸ்டரின் மூக்கடைத்த குரல், "கனக்க நொந்ததே, பிள்ளை?" என்று கேட்டது.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். திரும்பவில்லை. கையை விடவும் இல்லை. விட்டால் அவர் விழுந்துவிடுவார் என்று தோன்றியது. அவர் நடந்த விதம் அப்படித்தான் இருந்தது. அழுகிறாரா, சளித் தடிமனா என்று தெரியவில்லை. அந்த வருடம் சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை அடைபட்டுக் கிடந்தது. அவருடைய பெண்சாதி பிள்ளைகள் அந்தப் பக்கம் இருந்தார்கள். அது அவளுக்குப் பெரியவளான பிறகுதான் விளங்கியது. இரண்டு பேரும் பேசாமல் கோயில் திருப்பம்வரை ஏறினார்கள். பின்னால் அப்பா, "மீனா! அடியே மீனா!" என்று கத்திக்கொண்டு வருவது கேட்டது.

"கொப்பர் வாறார். இதில நில்" என்றது குரல். கை விலகியது.

திங்கட்கிழமை வகுப்பில் மாஸ்டர் மதுவின் தீமைகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. பிரம்போடு வரிசையாக வந்தவர் அவளிடம் வந்ததும் ஒரு கணம் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்காததனாலேயோ என்னவோ, அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"என்ன யோசனை, மீனம்மா?" டீச்சர் நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு ஆள் வரட்டே? கடையைக் கொஞ்சம் வெள்ளனத் திறந்தாக் காணும்."

"வேணாம் டீச்சர்."

"ஏன், நேரம் சரிவராதோ? பத்து மணிக்கு வரச் சொல்லட்டே?"

"நேரத்துக்கு இல்லீங்க. இந்தச் சுவத்துல கமரா வேணாம்."

டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு அவளைப் பார்த்தார். பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற வேலையை அவளுக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். இந்தக் கடைக்கு ரிப்பன் வெட்டியதும் அவர்தான். மீனம்மாவுக்கு முகம் சுட்டது.

"மீனம்மா, உமக்கு விளங்கேல்லையே? நீர் மாட்டன் எண்டா, பார் கடைக்காரன் உமக்குக் காசு தந்திட்டான் எண்டு நாளைக்கே சனம் கதைக்கும்."

"கதைப்பாங்க டீச்சர்."

"உடுப்பு ஓடரையும் நிப்பாட்டச் சொல்லுவினம். என்னாலயும் மறிக்கேலாது."

"தெரியுங்க."

"பின்ன ஏன்? ஒரு காரணம் சொல்லும். நியாயமா இருந்தா நான் விட்டிடுறன்."

காரணம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் இந்தப் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். கமராவும் போய்விடும், உடுப்பு வேலையும் கையை விட்டுப் போகாது, யாரும் அவளை மதுக்கடைக்காரனோடு சேர்த்துப் பேசமாட்டார்கள். டீச்சர் மட்டும் இந்தக் கதிரையிலிருந்து வேறு ஒரு பெண்ணாக எழுந்து போவார். வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் மாலை போட்ட படத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

மீனம்மா மேசையிலிருந்த நாடாவை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"காரணம் இருக்குங்க டீச்சர். சொல்ல மாட்டேன்."

நிஷாந்தி அட்டைப்பெட்டியை மடியிலிருந்து எடுத்து வாங்கில் பக்கத்தில் வைத்தாள். டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி மீனம்மாவிடம் வந்தார். கோபம் வந்ததைவிடக் குழம்பிப்போனதுதான் அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்ப சங்கத்து ஆக்களுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நான் தரலன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் மீனம்மா. "மூக்கன் மக மீனம்மா சுவத்தத் தர மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க."